கேமராவை ரீசெட் செய்யும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் சமூக மன்றங்களிலும், லிட்டில் இந்தியாவின் தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளிலும் கைப்பேசியை நீட்டிப் பலர் கேட்பது ஒன்றுதான்: “கேமரா சரியில்லை, ரீசெட் பண்ணிக் கொடுங்க.” பெரும்பாலான நேரம் கேமரா நன்றாகவே இருக்கிறது. எப்போதோ விரல் பட்டு மாறிய ஓர் அமைப்பு அப்படியே நின்றிருக்கும். எது என்று தெரிந்தால் அரை நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். தேடாமல் மொத்தத்தையும் அழித்தால், சரியாக இருந்த அமைப்புகளும் சேர்ந்து போய்விடும். அதனால் இங்கே ரீசெட் செய்யும் வழியும் இருக்கிறது, ரீசெட் தேவைப்படாத வழிகளும் இருக்கின்றன. மெனுப் பெயர்களைத் திரையில் தெரியும் ஆங்கில உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். மாடலையும் மென்பொருள் பதிப்பையும் பொறுத்து அவற்றின் இடம் சற்று மாறலாம்.

ரீசெட் செய்தால் என் படங்கள் எல்லாம் போய்விடுமா?

கேமரா செயலியின் அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்தால் ஒரு படம்கூடப் போகாது. அமைப்புகள் ஓரிடத்தில் இருக்கின்றன, படங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் கேமரா செயலியின் ‘கிளியர் டேட்டா’வைத் தட்டினாலும் படங்கள் டிசிஐஎம் என்ற கோப்புறையில் பத்திரமாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் அழிக்கக்கூடிய கட்டளை வேறு. சாம்சங்கில் அதன் பெயர் ‘ஃபேக்டரி டேட்டா ரீசெட்’, ஐபோனில் ‘இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’. கேமரா கோளாறுக்காக யாராவது உங்கள் கைப்பேசியில் இதைத் தட்டப்போனால் முதலில் நிறுத்துங்கள். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கு வேறு நகல் இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது.

ரீசெட் எங்கே இருக்கிறது?

சாம்சங்கில் கேமராவைத் திறந்து, பல்சக்கரப் படத்தைத் தட்டி, அமைப்புகளின் அடிவரை இறங்குங்கள். ‘ரீசெட் செட்டிங்ஸ்’ அங்கே இருக்கும். ஷியோமி, ஓப்போ போன்றவற்றிலும் கேமரா அமைப்புகளின் அடியில் ‘ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்’ போன்ற பெயரில் ஒரு வரி இருக்கும். கூகல் பிக்சலில் கைப்பேசியின் பொது அமைப்புகளுக்குப் போய், ஆப்ஸ், கேமரா, ஸ்டோரேஜ் என்று நுழைந்து ‘கிளியர் ஸ்டோரேஜ்’ செய்ய வேண்டும்.

தட்டுவதற்கு முன் அமைப்புகள் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டக்கோடு, வாட்டர்மார்க், படங்களை எஸ்டி கார்டில் சேமிப்பது என்று நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்தவற்றைப் பிறகு நினைவிலிருந்து திரும்ப அமைப்பது கஷ்டம்.

ஐபோனில் இப்படி ஒரே பொத்தானைத் தேட வேண்டாம், அடுத்த கேள்வியில் சொல்லும் வழிதான் சரி. சிலர் ஜெனரல் பகுதிக்குள் போய் ‘ரீசெட் ஆல் செட்டிங்ஸ்’ செய்யச் சொல்வார்கள். அது படங்களைத் தொடாது என்பது உண்மைதான். ஆனால் வைஃபை கடவுச்சொற்கள், இருப்பிட, அந்தரங்க அனுமதிகள், விசைப்பலகை கற்றுவைத்த சொற்கள் எல்லாம் போகும். ஆப்பிள் பேயில் சேர்த்த வங்கி அட்டைகளும் நீங்கிவிடும். கைப்பேசியைத் தட்டியே எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் போகிறவராக இருந்தால், மறுநாள் காலை நுழைவாயிலில்தான் அது உங்களுக்குத் தெரியவரும். இருட்டாக வரும் படத்துக்காக இவ்வளவு இழக்கத் தேவையில்லை.

நான் மாற்றி வைத்தது மறுபடி பழையபடி ஆகிவிடுகிறது. வேண்டாத வேறொன்று மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கேமரா செயலி சிலவற்றை நினைவில் வைக்கும், சிலவற்றை மூடியதும் மறந்துவிடும். எதை நினைவில் வைக்க வேண்டும் என்று நீங்களே சொல்லலாம்.

ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ‘ப்ரிசர்வ் செட்டிங்ஸ்’ என்று போங்கள். கேமரா மோட், லைவ் ஃபோட்டோ, நைட் மோட், எக்ஸ்போஷர் அட்ஜஸ்ட்மென்ட் (ஒளியைக் கூட்டிக் குறைப்பது), மேக்ரோ கன்ட்ரோல் (மிக அருகில் எடுப்பது) என்று வரிசையாக இருக்கும். பச்சையாக இருந்தால் நீங்கள் கடைசியாக வைத்தது அப்படியே நிற்கும். அணைந்திருந்தால் ஒவ்வொரு முறையும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்.

லைவ் ஃபோட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அது படத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை நொடி அசைவையும் ஒலியையும் சேர்த்துப் பதிவது, அதனால் இடமும் கூடுதலாகப் பிடிக்கும். “எத்தனை தடவை அணைச்சாலும் திரும்ப வருது” என்று சொல்பவர்களுக்குத் தீர்வு, ப்ரிசர்வ் செட்டிங்ஸில் லைவ் ஃபோட்டோவைப் பச்சையாக்கிவிட்டு, கேமராவில் ஒருமுறை அதை அணைப்பது. அதன்பின் அது திரும்ப வராது.

எதிர்ப்பக்கமும் உண்டு. எக்ஸ்போஷர் அட்ஜஸ்ட்மென்ட் பச்சையாக இருந்து, என்றோ ஒருநாள் வெயிலில் ஒளியைக் குறைத்திருந்தால், அதற்குப் பிறகு வீட்டுக்குள் எடுக்கும் படமெல்லாம் இருண்டுதான் வரும். நைட் மோடை ஒருமுறை அணைத்து அதையும் நினைவில் வைக்கச் சொல்லியிருந்தால், இரவுப் படங்கள் கறுத்துப்போகும். ஆக, ஐபோனில் ‘கேமராவை மட்டும் ரீசெட் செய்வது’ என்பது நடைமுறையில் ப்ரிசர்வ் செட்டிங்ஸ் பக்கத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேமராவை முழுதாக மூடித் திறப்பதுதான். பிறகு தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகப் பச்சையாக்குங்கள். என் கருத்தில் பெரும்பாலானவர்களுக்கு லைவ் ஃபோட்டோ ஒன்று போதும், எக்ஸ்போஷரை நினைவில் வைக்கச் சொல்லாதீர்கள்.

சாம்சங்கில் இதே வேலையைச் செய்வது ‘செட்டிங்ஸ் டு கீப்’. கேமரா மோட், ஃபில்டர் போன்றவற்றை அங்கே நினைவில் வைக்கவோ மறக்கவோ செய்யலாம்.

படத்தின் நிறமே மாறிவிட்டது. எல்லாரும் மஞ்சளாகத் தெரிகிறார்கள்.

ஐபோன் 13 முதல் ‘ஃபோட்டோகிராஃபிக் ஸ்டைல்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் வார்ம், கூல் என்று எதையாவது தேர்ந்தெடுத்தால், நீங்கள் மாற்றும்வரை அதுவே தொடரும். ‘ஸ்டாண்டர்ட்’ நிலைக்குத் திருப்புங்கள். சாம்சங்கில் ஃபில்டரையும் முகத்தை மெருகூட்டும் வசதியையும் பாருங்கள். எல்லாவற்றையும் கையால் அமைக்கும் புரோ மோடில் எடுத்தவராக இருந்தால் வைட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) மறுபடி ஆட்டோவில் விடுங்கள்.

நம் நிறம் வெளுத்துத் தெரிவதாகச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். முன்பக்கக் கேமராவில் முகத்தை மெருகூட்டும் அளவைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். அம்மாவின் முகத்தில் இருக்கும் சுருக்கமும் நிறமும் படத்திலும் இருக்கட்டும்.

வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. கேமரா பழுதா?

பழுது இல்லை. சிங்கப்பூரின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்திலோ கோயில் மண்டபத்திலோ இருக்கும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசி வழக்கமாக நொடிக்கு 30 அல்லது 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) எடுக்கிறது. அந்த எண்கள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்கா போன்ற நாடுகளின் விளக்குகளோடு ஒத்துப்போகும், நம்முடையதோடு ஒத்துப்போகாது. ஒவ்வொரு சட்டத்திலும் விளக்கின் வேறொரு கணம் விழுவதால் பட்டை நகர்வதுபோல் தெரிகிறது.

ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ‘ரெக்கார்ட் வீடியோ’ உள்ளே போய் ‘ஷோ பால் (PAL) ஃபார்மட்ஸ்’ என்பதைப் பச்சையாக்குங்கள். நொடிக்கு 25 சட்டங்கள் என்ற தெரிவு பட்டியலில் வரும். வீட்டுக்குள், மண்டபத்துக்குள் எடுக்கும்போது அதையே வைத்துக்கொள்ளுங்கள். சாம்சங்கில் ‘புரோ வீடியோ’வுக்குப் போய் ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு சட்டமும் ஒளி வாங்கும் நேரத்தை) நொடியில் 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் கேமரா அமைப்புகளில் ‘ஆன்டி பேண்டிங்’ அல்லது ‘ஆன்டி ஃபிளிக்கர்’ என்ற வரி இருக்கும். அதில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ்தான், ஊருக்குப் போனால் மாற்ற வேண்டியதில்லை.

இரண்டு இடங்களில் இந்த மருந்து முழுதாக வேலை செய்யாது. திருமண மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி திரைகள் மின்சாரத்தின் வேகத்தில் அல்லாமல் தங்கள் சொந்த வேகத்தில் மினுங்கும். அங்கே ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பட்டை குறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். மற்றொன்று ஸ்லோமோ, அதாவது அசைவை மெதுவாக்கிக் காட்டும் வீடியோ. நொடிக்கு 240 சட்டங்கள் எடுக்கும்போது 100 முறை மினுங்கும் விளக்கு படத்திலும் துடிக்கத்தான் செய்யும். பிள்ளைகள் ஆடுவதை ஸ்லோமோவில் எடுக்க ஆசையென்றால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டு படத்தில் வெள்ளைத் திட்டாக வருகிறது. கைப்பேசியை மாற்றினால்தான் சரியாகுமா?

இருக்கும் கைப்பேசி போதும். சுற்றிலும் இரவு இருப்பதைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது. ஏற்கெனவே ஒளிரும் மயிலும் தாமரையும் வெளுத்துவிடுகின்றன. ஒளிரும் அலங்காரத்தின் மேல் விரலை வைத்துச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். கவனமும் ஒளியும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியையோ ஒளிக் கோட்டையோ இழுத்து, நிறங்கள் திரும்பத் தெரியும்வரை ஒளியைக் குறையுங்கள். சாலையில் கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தால் நைட் மோடை அணையுங்கள். அது சில நொடிகள் சேர்த்து எடுப்பதால் நடப்பவர்கள் ஆவிபோல் இழுபடுவார்கள்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அதன் வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் எட்டாது. தைப்பூசத்தில் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை காவடி சுமந்து வருபவரின் கண்ணில் அதை அடிப்பது அவருக்குச் செய்யும் தொந்தரவு. வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே ஃபிளாஷை ‘ஆஃப்’பில் வையுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால் இருட்டைப் பார்த்ததும் தானே அடிக்கும்.

தைப்பூசத்தன்று வெயிலில் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கேமரா தானாக மூடிக்கொண்டது.

சூடு. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. இங்கே நண்பகலில் நிழலிலேயே 31, 32 டிகிரி இருக்கும், நேர் வெயிலில் கைப்பேசி அதைவிட எவ்வளவோ சூடாகும். உறையைக் கழற்றுங்கள், பவர்பேங்க்கைப் பிடுங்குங்கள், வீடியோவின் தெளிவு அளவை 4கேயிலிருந்து 1080க்கு இறக்குங்கள், நிழலில் சில நிமிடம் வையுங்கள். குளிர்பானப் பெட்டிமேலோ ஐஸ்மேலோ வைக்காதீர்கள், உள்ளே நீர் கோர்க்கும்.

கடையைவிட்டு வெளியே வந்ததும் படம் பனிபடர்ந்ததுபோல் ஆகிறது.

ஏர்கானில் குளிர்ந்த லென்ஸ்மேல் வெளியே இருக்கும் ஈரக்காற்று படிகிறது. இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், மெல்லிய துணியால் துடையுங்கள். எந்த அமைப்பையும் தொடாதீர்கள். மங்கல் போகவே இல்லை, கண்ணாடிக்கு உள்ளே துளிகள் தெரிகின்றன என்றால் நீர் உள்ளே போயிருக்கிறது. அது பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய வேலை.

50 மெகாபிக்சல் என்று விற்றார்கள். படம் 12தான் வருகிறது. அமைப்பை மாற்றட்டுமா?

மாற்றலாம், ஆனால் எப்போதும் வேண்டாம். இந்தச் சென்சார்கள் அருகருகே உள்ள நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் குறைந்த வெளிச்சத்திலும் தெளிவான படம் தருகின்றன. 50 இருந்தால் 12.5, 48 இருந்தால் 12. முழு அளவில் எடுத்தால் கோப்பு பெரிதாகும், இரவில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பகலில், நகராத காட்சிக்கு, பெரிதாக அச்சிடப் போகிறீர்கள் என்றால் மட்டும் முழு அளவை வையுங்கள். எடுத்து முடித்ததும் 12க்குத் திருப்பிவிடுங்கள்.

அரசாங்கப் படிவத்திலோ அலுவலக இணையப் பக்கத்திலோ என் படத்தை ஏற்க மறுக்கிறது.

ஐபோன் 2017ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து எச்இஐசி என்ற சிறிய கோப்பு வடிவில் சேமிக்கிறது. அதை ஏற்காத இணையப் படிவங்கள் இன்னும் உண்டு. செட்டிங்ஸ், கேமரா, ‘ஃபார்மட்ஸ்’ உள்ளே ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை ஜேபெக் வடிவில் வரும். பழைய படங்கள் மாறாது. சாம்சங்கில் ‘ஹை எஃபிஷியன்ஸி பிக்சர்ஸ்’ என்பதை அணையுங்கள்.

கடப்பிதழுக்கான படம் என்றால் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் கேட்கும் அளவு 400க்கு 514 பிக்சல், பின்னணி வெள்ளை. போர்ட்ரெய்ட் மோடும் முகம் மெருகூட்டலும் அணைந்திருக்க வேண்டும். காதோரம் முடியைப் போர்ட்ரெய்ட் மோட் பின்னணியோடு சேர்த்து மங்கலாக்கிவிடும்.

செல்ஃபியில் சட்டை எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி வருகிறது.

ஐபோனில் ‘மிரர் ஃபிரன்ட் கேமரா’வை அணையுங்கள், சாம்சங்கில் ‘சேவ் செல்ஃபீஸ் அஸ் பிரிவ்யூட்’ என்பதை அணையுங்கள். அவ்வளவுதான்.

இடம் நிறைந்துவிட்டது என்று சொல்லி வீடியோ நின்றுவிடுகிறது. விடுதியில் இருக்கிறேன், ஊரில் உள்ளவர்களுக்கு அனுப்பத்தான் எடுக்கிறேன்.

ஊருக்கு வாட்ஸ்அப்பில் போகும் வீடியோவை 4கேயில் எடுப்பதில் பயன் இல்லை தம்பி. அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஐபோன் கணக்குப்படி ஒரு நிமிட வீடியோ 1080, நொடிக்கு 30 சட்டங்கள் என்றால் சுமார் 60 எம்பி. 4கே, 30 என்றால் சுமார் 170. 4கே, 60 என்றால் சுமார் 400. ஒரே நிமிடம்தான், இடம் ஆறு மடங்குக்கு மேல். ஆண்ட்ராய்டிலும் போக்கு இதுவே. 1080ல் வைத்துவிடுங்கள். தெளிவாகப் போக வேண்டிய படத்தை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் எச்டி குறியைத் தட்டுங்கள். அசல் கோப்பே போக வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். ஆனால் அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் விவரமும் சேர்ந்தே போகும் என்பதை மனத்தில் வையுங்கள்.

அந்த இட விவரம் பதிய வேண்டாம் என்றால், ஐபோனில் பிரைவசி பகுதியில் லொக்கேஷன் சர்வீசஸ் உள்ளே கேமராவை ‘நெவர்’ ஆக்குங்கள். சாம்சங்கில் கேமரா அமைப்புகளில் ‘லொக்கேஷன் டேக்ஸ்’ இருக்கிறது. பிள்ளைகளின் படங்களை வெளியாருக்கு அனுப்பும் பெற்றோர் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

ஊருக்குப் போய்வந்த படங்கள் வரிசை மாறி நிற்கின்றன.

இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். கைப்பேசியில் நேரத்தைக் கையால் அமைத்திருந்தால் அது சிங்கப்பூர் நேரத்திலேயே நின்றிருக்கும். பொது அமைப்புகளில் தேதி, நேரத்தைத் ‘தானியங்கி’யில் விடுங்கள். இது கேமராவின் கோளாறு இல்லை.

கேமராவைத் திறந்தால் வெறும் கறுப்புத் திரை. அல்லது கேமராவே திறக்க மறுக்கிறது.

இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகப் பேர் பயந்துபோய்ப் பணம் செலவழிக்கிறார்கள்.

முதலில் ஆண்ட்ராய்டில் மேலிருந்து இழுக்கும் விரைவுப் பலகையைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் அங்கே ‘கேமரா ஆக்சஸ்’ என்ற பொத்தானை வைக்க முடியும். அது தவறுதலாக அணைந்தால் எல்லாச் செயலிகளுக்கும் கேமரா கிடைக்காது. முதியவர்களின் கைப்பேசியில் நான் முதலில் தேடுவது இதைத்தான். ஐபோனில் கேமராக் குறியே காணாமல் போயிருந்தால் ‘ஸ்க்ரீன் டைம்’ கட்டுப்பாடுகளில் அனுமதிக்கப்பட்ட செயலிகளைப் பாருங்கள். பிள்ளைக்காக யாரோ கேமராவை அணைத்திருக்கலாம்.

“செக்யூரிட்டி பாலிசி கேமராவைத் தடுக்கிறது” என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால், அலுவலகம் உங்கள் கைப்பேசியில் ஏற்றிய மேலாண்மைச் செயலிதான் காரணம். ஜூரோங் தீவு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. ரீசெட் செய்து அதைத் தாண்ட முயலாதீர்கள், வேலைக்கே ஆபத்து. அந்தச் செயலியை ஏற்றிய நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், கைப்பேசியை ஒருமுறை அணைத்துத் திறங்கள். பிறகு கேமரா செயலியை ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ செய்து, ‘கிளியர் கேஷ்’ செய்யுங்கள். அதற்குப் பிறகே கேமரா அமைப்புகளின் ரீசெட். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் கேமரா வேலை செய்து, கேமரா செயலியில் மட்டும் வரவில்லை என்றால் மென்பொருள் சிக்கல், பொறுமையாகச் சரிசெய்யலாம். முன்கேமரா எல்லாச் செயலிகளிலும் வந்து, பின்கேமரா எதிலுமே வரவில்லை, கீழே விழுந்த நினைவும் இருக்கிறது என்றால், பெரும்பாலும் உறுப்புதான் பழுது. எத்தனை ரீசெட் செய்தாலும் அது திரும்பாது.

கடையில் கியூஆர் குறியைக் காட்டினால் எதுவும் வரவில்லை.

ஐபோனிலும் சாம்சங்கிலும் கேமரா அமைப்புகளில் ‘ஸ்கேன் கியூஆர் கோட்ஸ்’ அணைந்திருக்கலாம். பணம் செலுத்துவதற்கு எப்படியும் உங்கள் வங்கிச் செயலிக்குள் இருக்கும் ஸ்கேனையே பயன்படுத்துங்கள், அதுதான் பாதுகாப்பு.

படம் எடுக்கும் ஒலியை அணைக்கலாமா?

இங்கே விற்கும் கைப்பேசிகளில் பொதுவாக அணைக்க முடியும். ஜப்பான், தென்கொரியாவில் வாங்கியவற்றில் முடியாமல் போகலாம். பூசை நேரத்திலும் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்திலும் ஒலியை அணைப்பது நல்ல பழக்கம். ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றிப் படம்பிடிப்பது தண்டனைச் சட்டத்தில் 2020 ஜனவரி 1 முதல் தனிக்குற்றம். ஒலி வந்தாலும் வராவிட்டாலும் அது குற்றமே.

இதையெல்லாம் தனியாகச் செய்யத் தயக்கமாக இருக்கிறது. யாரிடம் போகலாம்?

2020ல் தொடங்கிய எஸ்ஜி டிஜிட்டல் அலுவலகத்தின் மின்னிலக்கத் தூதர்கள் சமூக மன்றங்களிலும் பொது நூலகங்களிலும் உட்கார்ந்து ஒருவருக்கு ஒருவராகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். போகும்போது கைப்பேசியை முழுதாக மின்னேற்றிக்கொள்ளுங்கள். கோளாறு தெரியும் படம் ஒன்றையும் நல்ல படம் ஒன்றையும் கேலரியில் தயாராக வையுங்கள். ஆப்பிள் அல்லது கூகல் கணக்கின் கடவுச்சொல் தேவைப்பட்டால் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கேமரா சரிசெய்ய சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) விவரமோ வங்கி விவரமோ ஒருபோதும் தேவைப்படாது, யார் கேட்டாலும் தராதீர்கள்.